சுவருக்கு வண்ணம், காட்டுக்குக் கோடரி

புறநகர் ரயில் நிலையச் சுவர்களில் வெள்ளைக் கோட்டு மனிதர்கள் கைகோத்து ஆடுவதைப் பார்த்துக்கொண்டேதான் நம்மில் பலர் வேலைக்குப் போகிறோம். தானே, பால்கர் மாவட்ட வார்லி ஆதிவாசிகளின் ஓவியம் அது. செம்மண் சுவரில் அரிசி மாவைக் கரைத்து, கல்யாண வீட்டில் சுமங்கலிகள் வரைவது. (நம் வாசல் கோலத்துக்கும் அதே அரிசி மாவுதான்!) டகாணு வட்டாரத்து ஜிவ்யா சோமா மாஷே அதை உலகறியச் செய்து, 2011ல் பத்மஸ்ரீ பெற்றார்.

அம்மக்களுக்குப் புலி வெறும் படமல்ல, தெய்வம். பெயர் வாகோபா. கல்லிலோ பலகையிலோ செதுக்கி, செந்தூரம் பூசி, தீபாவளியை ஒட்டிய வாக்பாரஸ் நாளில் கோழி பலியிட்டு வணங்குகிறார்கள். மும்பை புறநகர், தானே, பால்கர் பகுதிகளில் இப்படிச் சுமார் 150 கோயில்கள் இருப்பதை 2021ல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. புலிக்கும் சிறுத்தைக்கும் அவர்களிடம் 'வாக்' என்ற ஒரே பெயர்தான். குடியிருப்பில் சிறுத்தை தென்பட்டால் கூண்டு வை என்று நாம் கூச்சலிடுகிறோம். அவர்களோ வாகோபாவுக்குப் பூசையில் என்ன குறை வைத்தோம் என்று யோசிக்கிறார்கள்.

அந்த வார்லி மக்கள் வாழும் ஆரே காலனியில்தான், 2019 அக்டோபரில் மெட்ரோ பணிமனைக்காக 2,000க்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட்டன. மெட்ரோ வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ரயிலை நம்பிப் பிழைப்பவர்கள் நாம். ஆனால், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி ஆதிவாசிகள் கொடுத்துள்ள மனுக்களுக்கு, அடுத்த சுவருக்கு வண்ணம் பூசுமுன் அரசு பதில் சொல்லட்டும்.