எவர் செலவில் இவ்விருந்து?

இறுதியாண்டை எட்டும் கலைப்பீட மாணவர்க்கு அண்மைக்காலமாக ஒரு புதிய கல்வி புகட்டப்பட்டு வருகின்றது. நேர்முகப் பரீட்சைக்கு எவ்வாறு உடுப்பது, எவ்வாறு கைகுலுக்குவது என்பவற்றோடு, உணவு மேசையில் எந்தக் கத்தியை எந்தக் கையிற் பிடிப்பது என்பதும் அக்கல்வியின் பாடங்களுள் ஒன்றாகும். அத்தகையதொரு பட்டறையில் எமக்கு வழங்கப்பட்ட அச்சுத்தாள், அமெரிக்க நகரமொன்றின் உயர்தர ஸ்டேக் உணவகத்தில் நடைபெறும் வணிக விருந்தினையே முன்மாதிரியாகக் கொண்டிருந்தது. விருந்தளிப்பவர் எங்கே அமரவேண்டும், வாடிக்கையாளர் கேட்ட இறைச்சித் துண்டைவிட விலைகூடியதை அவர் ஏன் கேட்கலாகாது, ஒப்பந்தப் பேச்சை எப்போது தொடங்கவேண்டும், விருந்தினர் காணாவண்ணம் பில்லை எவ்வாறு தீர்க்கவேண்டும் என்றெல்லாம் அது விளக்கிற்று. அந்தப் பில்லை உண்மையில் தீர்ப்பவர் எவர் என்ற வினா மட்டும் அதில் இடம்பெறவில்லை. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு தெளிவு அவசியமாகின்றது. மாட்டிறைச்சி உண்பது தகுமா, தகாதா என்பது இங்கு விவாதப் பொருளன்று. அவ்விவாதத்தை ஒரு சாராரை இழிவுபடுத்தும் ஆயுதமாக்குவோர் எமது நாட்டிலும் அயல்நாட்டிலும் உளர். அவர்களது அணியில் நான் நிற்கவில்லை. உணவு மனிதரின் உரிமை. அவ்வுரிமையின் பெயரால் நடைபெறும் ஒரு கணக்கு வித்தையே இங்கு விசாரணைக்குரியது.

தமிழில் 'விருந்து' என்ற சொல்லின் பழைய பொருள் புதுமை என்பதாகும். முன்னர் அறியப்படாதவராய், புதியவராய் வருபவரே விருந்தினர். திருக்குறள் விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வகுத்துள்ளது. இவ்விலட்சியத்தை எமது சமுதாயம் முழுமையாகக் கைக்கொண்டது எனக் கூறுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. எவர் எவரது திண்ணையில் இருக்கலாம், எவர் எந்தப் பாத்திரத்திற் குடிக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த சமுதாயம் எம்முடையது. ஆயினும், இலட்சியம் என்ற அளவிலேனும் அது பயன்கருதாக் கொடையைக் குறித்தது. வணிக விருந்தின் இலக்கணம் இதற்கு நேர்மாறானது. பயன்தரக்கூடியவர் எனக் கணக்கிடப்பட்டவரே அங்கு அழைக்கப்படுவர். அழைப்பவர் தமது பணத்தைச் செலவிடுவதில்லை. கம்பனியின் பணத்தையே செலவிடுகின்றார். கம்பனியும் முழுச்செலவையும் தானே ஏற்பதில்லை.

அமெரிக்க வருமானவரிச் சட்டத்தின்கீழ், வணிக நோக்குடைய உணவுச் செலவிற் பாதியை ஒரு நிறுவனம் தனது வரிக்குரிய இலாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். கம்பனிகளுக்கான கூட்டாட்சி வரிவீதம் 2018 முதல் 21 சதவீதமாகும். ஓரிரவு விருந்துக்கு 1,000 டொலர் செலவாயிற்று எனக் கொள்வோம். அதில் 500 டொலர் கழிக்கப்பட, அரசுக்குச் சேரவேண்டிய வரியில் 105 டொலர் குறைகின்றது. அக்குறையைச் சுமப்பவர் பொதுமக்கள். அம்மேசையின் அருகே ஒருபோதும் சென்றிராத வீதி கூட்டுபவரும் பாடசாலை ஆசிரியரும், தாம் அறியாமலே அவ்விருந்தினை அளித்தோர் ஆகின்றனர். செலவு ஆடம்பரமானதாக இருத்தலாகாது எனச் சட்டம் நிபந்தனை விதிப்பது மெய்யே. ஆனால் உயர்தர உணவகத்தில் உண்டமை என்ற காரணத்தால் மட்டும் சலுகை மறுக்கப்படமாட்டாது என வரித் திணைக்களமே விளக்கம் தருகின்றது.

இச்சலுகைக்கு எதிரான குரல் அந்நாட்டிலேயே எழுந்ததுண்டு. 1976ஆம் ஆண்டுத் தேர்தலின்போது ஜிம்மி காட்டர், மூன்று மார்ட்டினி மதுக்கிண்ணங்களுடன் நடைபெறும் வணிகர்களின் மதிய உணவினைக் கண்டித்தார். தொழிலாளி வேலைக்குக் கொண்டுசெல்லும் உணவுக்கு இல்லாத வரிச்சலுகை வணிகரின் உணவுக்கு ஏன் என்பதே அவரது வாதத்தின் சாரம். ஜனாதிபதியான பின் 1978இல் அவர் அச்சலுகையைப் பாதியாக்க முனைந்தபோது கொங்கிரஸ் அதற்கு இணங்கவில்லை. பின்னர் 1986ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 80 சதவீதமாகவும், 1993ஆம் ஆண்டுச் சட்டம் 50 சதவீதமாகவும் குறைத்தன. ஆக, அநீதி உணரப்படாத ஒன்றன்று. உணரப்பட்ட பின்னரும் பாதியளவில் பேணப்பட்ட ஒன்றாகும்.

இனி, மேசையின் மறுபுறத்தே நிற்போரை நோக்குவோம். அன்பளிப்புப் பெறும் தொழிலாளருக்கு முதலாளி நேரடியாக வழங்கவேண்டிய குறைந்தபட்ச ஊதியம் கூட்டாட்சிச் சட்டப்படி மணித்தியாலத்துக்கு 2.13 டொலர். 1991 முதல் அது உயரவில்லை. பொதுக் குறைந்தபட்ச ஊதியமான 7.25 டொலருக்கு உரிய மிகுதி, நாம் 'சந்தோசம்' என வழங்கும் அன்பளிப்புப் பணத்தால் நிரப்பப்படலாம். பல மாநிலங்கள் இதனினும் கூடிய ஊதியத்தை விதித்துள்ளன. மேற்கூறிய 105 டொலர், 2.13 டொலர் வீதப்படி ஏறத்தாழ 49 மணித்தியால ஊதியத்துக்குச் சமம். விலைகூடிய உணவகங்களில் அன்பளிப்பு மிகுதி என்பர். இருக்கலாம். ஆனால் உரிமையாக வரவேண்டிய கூலி, உண்டு களித்தவரின் தயவாக மாறிவிடுகின்றது.

மேசைக்கும் அப்பால் இறைச்சி ஆலை உண்டு. சிக்காகோ நகரின் புகழ்பெற்ற கால்நடைத் தொழுவங்கள் 1865இல் திறக்கப்பட்டு 1971வரை இயங்கின. அங்கு உழைத்தோரின் அவலத்தை அப்டன் சின்கிளயர் 1906இல் நூலாக வெளிவந்த 'த ஜங்கிள்' நாவலிற் சித்திரித்தார். நூலைக் கற்ற மத்தியதர வர்க்கமோ தொழிலாளியின் துயரைவிடத் தனது தட்டிலுள்ள இறைச்சியின் தூய்மை குறித்தே கூடுதலாகக் கவலையுற்றது. அவ்வாண்டிலேயே இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் நிறைவேறிற்று. உண்பவரின் வயிறு காக்கப்பட்டது. அறுப்பவரின் உடல் காக்கப்படவில்லை.

இது பழங்கதை எனக் கருதுவோர் 2020ஆம் ஆண்டினை நினைவுகூர்க. கொவிட் தொற்று இறைச்சி ஆலைகளிற் பரவிக்கொண்டிருந்த ஏப்ரல் 28ஆம் திகதி, அவ்வாலைகள் தொடர்ந்து இயங்குவதை உறுதிசெய்யும் ஆணையொன்றை ஜனாதிபதி ட்ரம்ப் பிறப்பித்தார். தோளோடு தோள் நெருங்கி நின்று இறைச்சி வெட்டியோரிற் பெருந்தொகையினர் குடியேறிகளும் அகதிகளுமாவர். ஐந்து பெரிய இறைச்சி நிறுவனங்களில் தொற்றின் முதலாண்டில் குறைந்தது 59,000 தொழிலாளர் நோயுற்றனர் எனவும் 269 பேர் மாண்டனர் எனவும் பிரதிநிதிகள் சபையின் உபகுழு 2021இல் அறிவித்தது. அதே 2020இன் டிசம்பரில், கொவிட் நிவாரணங்களை உள்ளடக்கிய சட்டத்தினூடாக மற்றொரு சலுகையும் நிறைவேறிற்று: 2021, 2022 ஆகிய இரு ஆண்டுகளுக்கும் உணவகங்களில் நிகழும் வணிக உணவுச் செலவு முழுமையாகக் கழிக்கப்படலாம்! ஏப்ரலில் தொழிலாளிக்கு வேலைக்கழைப்பு. டிசம்பரில் கம்பனிக்கு விருந்து. ஓர் அரசின் வர்க்க சார்பினை விளக்க இதனினும் தெளிவான பாடம் வேண்டுமோ?

உணவகத் தொழிலாளரின் வேலையைக் காக்கவே அச்சலுகை வழங்கப்பட்டது என்று அதன் ஆதரவாளர் கூறுவர். மூடப்பட்ட உணவகங்களால் இலட்சக்கணக்கானோர் வேலையிழந்தமை உண்மை. ஆனால், தொழிலாளரே குறிக்கோளாயின் உதவி அவர்களது கையை நேரே சென்றடைந்திருக்க வேண்டும். வணிகரின் தட்டு வழியாகச் சுற்றிவரத் தேவையில்லை. மேலும், குறைந்தபட்ச ஊதியத்தைப் படிப்படியாக 15 டொலராக உயர்த்தும் முயற்சி 2021 மார்ச்சில் செனற் சபையின் முன் வந்தபோது, 42க்கு 58 என்ற வாக்குகளால் அது தோற்கடிக்கப்பட்டது. சலுகைக்குத் திறந்த கதவு கூலிக்குத் திறக்கவில்லை.

இவை யாவும் தூரதேசத்துச் செய்திகள். எமக்கென்ன என நண்பர்கள் வினவலாம். அந்தத் தூரதேசத்து மேசையே இன்று எமது இலட்சியமாக எமக்கு முன்னே வைக்கப்படுகின்றது என்பதே என் விடை. எமது பெற்றோர் தோட்டத்திலும் வயலிலும் கடலிலும் உழைத்து எம்மை இங்கு அனுப்பியுள்ளனர். நாளை நாம் அத்தகைய மேசைகளில் அமர நேரலாம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. கத்தியைப் பிடிக்கும் முறையையும் கற்றுக்கொள்வோம். ஆனால் அக்கத்தி அறுக்கும் இறைச்சியை முதலில் அறுத்தவர் எவர், தட்டினை ஏந்தி வந்தவரின் கூலி எவ்வளவு, பில்லிற் பங்கேற்றும் மேசையில் இடம்பெறாதோர் எவர் என வினவும் துணிவைக் கைவிட்டு நாகரிகம் கற்போமாயின், நாம் கற்றது நாகரிகமன்று, ஏவலே.