மகளின் பைலை இன்றே திறந்து பாருங்கள்



பலாங்கொடைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சில்லறைக் கடை நடத்தும் குடும்பத்து உம்மா ஒருவர் எழுதியிருக்கிறார். மகள் பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டாம். "வெளிநாட்டுப் புலமைப்பரிசில் எல்லாம் கொழும்புப் பிள்ளைகளுக்குத்தானே? எங்களுக்கு யார் வழி காட்டுவார்?" என்று கேட்கிறார்.

சகோதரியே, 1995இல் அந்தப் பல்கலைக்கழகம் உருவானபோதே பாதி வழி உங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. மீதி வழியில் நம் பிள்ளைகளை மறிப்பது பெரும்பாலும் புள்ளிகள் அல்ல, கடதாசிகள்தான்.

எங்கள் குடும்பத்திலேயே நடந்தது இது. என் ராத்தாவின் மகள் நல்ல பெறுபேறு பெற்றவள். பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் இருந்தது. மொழிபெயர்த்தவர் வாப்பாவின் பெயரை ஆங்கிலத்தில் 'மொஹமட்' என்று எழுதினார். பரீட்சைச் சான்றிதழில் 'முஹம்மத்'. கடவுச்சீட்டில் மூன்றாவது விதம். விண்ணப்பம் முடிய ஒரு வாரம் இருக்கும்போதுதான் கவனித்தோம். அலுவலகம் அலுவலகமாக அலைந்து முடிக்கையில் திகதி போய்விட்டது. அவள் அன்றிரவு சாப்பிடவில்லை. அவளுடைய உம்மாவும் சாப்பிடவில்லை.

ஆகவே முதல் வேலை பெயர். பதிவிலேயே பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் திருத்த விண்ணப்பியுங்கள். எழுத்து வித்தியாசம் மட்டுமென்றால், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற சத்தியக் கடதாசி போதுமா என்று, விண்ணப்பிக்கும் இடத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

இரண்டாவது சிபார்சுக் கடிதம். நூற்றுக்கணக்கான மாணவருக்குப் படிப்பிக்கும் விரிவுரையாளருக்கு உங்கள் மகளின் முகம் நினைவிருக்கும், செய்த வேலை நினைவிருக்காது. எந்த ஆண்டு, எந்தப் பாடம், எந்த ஆய்வு என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கட்டும். இறுதித் திகதிக்கு ஒரு மாதமாவது முன்னால் கேட்கட்டும். துறைத்தலைவர், பதிவாளர் ஊடாகப் போகவேண்டிய விண்ணப்பமானால், அவர்களின் கையொப்பத்துக்கும் நாட்கள் ஒதுக்க வேண்டும்.

மூன்றாவது, 'ஏன் படிக்க விரும்புகிறாய்?' என்ற கட்டுரை. இங்கேதான் நம் பிள்ளைகள் புத்தக வசனங்களை எழுதிக் கெடுத்துக்கொள்கிறார்கள். 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து ஊர் புதைந்ததே! மழை இரவில் மண்சரிவுக்கு அஞ்சி விழித்திருந்த வீட்டுப் பிள்ளை அதை எழுதினால், அதைவிட நல்ல ஆய்வுக் காரணம் வேறென்ன? தோட்டத்துத் தண்ணீர், இறப்பர், மாணிக்கக் குழி என எழுத எத்தனையோ உண்டு.

எங்கே விண்ணப்பிப்பது? 1959இல் திட்டமிடப்பட்ட காமன்வெல்த் புலமைப்பரிசில், சொந்தச் செலவில் பிரித்தானியாவில் படிக்க வசதியில்லாதவர்களுக்கானது. இந்திய அரசின் மௌலானா ஆசாத் புலமைப்பரிசில், இலங்கை மாணவரின் பட்டப்பின் படிப்புக்கானது. பிரித்தானியாவின் செவனிங், பட்டத்துக்குப் பின் சுமார் இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கும். இவை வருடந்தோறும் அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டியவை. காமன்வெல்த்துக்கும் செவனிங்குக்கும் விண்ணப்பக் கட்டணமே இல்லை. 'எடுத்துத் தருகிறேன், இவ்வளவு தாருங்கள்' என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

"போனவள் வராமல் விட்டால்?" என்றும் அந்த உம்மா கேட்டிருக்கிறார். செவனிங்கின் விதியே, படித்து முடித்ததும் தாய்நாடு திரும்பி இரண்டு ஆண்டாவது இருக்கவேண்டும் என்பதுதான். அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸை நினைத்துப் பாருங்கள். புலமைப்பரிசில் பெற்று கேம்பிரிட்ஜ் போனவர், திரும்பி வந்து 1945இல் வசதியற்ற முஸ்லிம் மாணவருக்காகக் கல்வி உதவி நிதி ஒன்றை நிறுவினார். கொடுத்து அனுப்பிய சமூகத்துக்கு அது வட்டியில்லாத கடனாகத் திரும்பி வந்தது.

அனுப்புவதா இல்லையா என்பதை வாப்பாவும் உம்மாவும் மகளும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். ஆனால் கடதாசி சரியில்லாததால் அந்தப் பேச்சே எழாமல் போகக்கூடாது. இன்று இஷாவுக்குப் பிறகு பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் பாயில் வரிசையாக வைத்து, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். மகள் பத்தாம் வகுப்பில் இருந்தாலும் பாருங்கள்.

ராத்தாவின் மகள் மறுவருடம் மீண்டும் விண்ணப்பித்தாள். இம்முறை எல்லாக் கடதாசியும் ஒரே பெயரைச் சொல்லின. அல்ஹம்துலில்லாஹ், கிடைத்தது.