இயந்திரம் மட்டும் போதுமா?

சுவாச இயந்திரங்களைக் கூட்டுவோம், தாதியர் தொகையைப் பிறகு பார்க்கலாம் என்று வாதிடுவோர் யாழ்ப்பாணத்துப் புத்தூரின் தோட்டக்காணிகளை நினைக்கட்டும். நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவரை இரவில் கட்டுவிரியன் தீண்டினால், யாழ் போதனா வைத்தியசாலையில் இயந்திரம்தான் அவருக்காக மூச்சு விடவேண்டி வரலாம். நஞ்சால் இமையைக்கூடத் தூக்க முடியாதவருக்கு, பெரும்பாலும், காது நன்றாகவே கேட்கும். அது தெரிந்த தாதி அவரோடு பேசுவார், இயந்திரம் பேசாது.

இயந்திரத்திலிருந்து விடுவிக்கும் கட்டம் இன்னும் நுட்பமானது. தலையைத் தூக்கிப் பிடிக்கிறாரா, சளியை இருமித் தள்ளுவாரா என்று மணிக்கு மணி பார்ப்பது யார்? பல கட்டில்களுக்கு நடுவே ஓடும் வைத்தியரா? சுவாசக் குழாயை அவசரப்பட்டு எடுத்தால் மறுபடி போடவேண்டி வரலாம். தாமதித்தால் நுரையீரலில் கிருமி தொற்றலாம்.

அமெரிக்காவில் கொலெஃப் என்பவரின் ஆய்வுக்குழு 357 நோயாளரிடம் நடத்தி 1997இல் வெளியிட்ட ஆய்வில், தாதியரும் சுவாச சிகிச்சையாளரும் நெறிமுறைப்படி விடுவித்தவர்கள் இயந்திரத்தில் இருந்த இடைநிலைக் காலம் 35 மணித்தியாலம். வைத்தியரின் கட்டளைப்படி விடுவிக்கப்பட்டவர்களுக்கு 44. இங்கே சுவாச சிகிச்சையாளரின் வேலையும் பெரும்பாலும் தாதியரின் தலையில்தான். அடுத்த இயந்திரத்துக்குப் பணம் திரட்டும் புலம்பெயர் உறவுகளே, கட்டிலுக்கு ஒரு பயிற்சிபெற்ற தாதி, இரவிலும் வேண்டும் என்று சுகாதார அமைச்சுக்கு எழுதுங்கள்.