கணக்கைச் சொல்லி மாணவர் குரலைப் பறித்தார்கள்

பள்ளி ஆண்டு முடிந்த கையோடு, 2025 ஜூன் 27ஆம் திகதி, ரொறன்ரோ கத்தோலிக்கக் கல்விச்சபையை ஒன்ராறியோ மாகாண அரசு தன் மேற்பார்வைக்குள் எடுத்துக்கொண்டது. ரொறன்ரோ பொதுக் கல்விச்சபைக்கும் டஃபரின்–பீல் கத்தோலிக்கச் சபைக்கும் ஒட்டாவா–கார்ல்டன் சபைக்கும் அன்றே அதே கதி. ரொறன்ரோ கத்தோலிக்கச் சபைக்கு நாம் வாக்களித்து அனுப்பிய 12 உறுப்பினர்களின் அதிகாரம் முழுவதும், அரசு நியமித்த ஒரேயொரு மேற்பார்வையாளரிடம் போய்விட்டது. வரவுசெலவுப் பற்றாக்குறை எவ்வளவு, அது எப்படி வந்தது, யார் பொறுப்பு என்று வாசகர்கள் போதுமான அளவு படித்திருப்பார்கள். அந்தக் கணக்கை நாம் மறுபடி பிரிக்கப்போவதில்லை. இந்த முடிவை எடுத்தவர்கள், உயர்நிலைப் பாடசாலையில் படிக்கும் பிள்ளைகளின் மனநலனையும் அவர்களது கூட்டு வாழ்வையும் ஒரு நிமிடமாவது நினைத்துப் பார்த்தார்களா என்பதே எம் கேள்வி.

கத்தோலிக்க உயர்நிலைப் பாடசாலை என்பது பாடவேளைகளின் தொகுப்பு அல்ல. அங்கே ஆன்மிக வழிகாட்டி ஒருவர் இருக்கிறார். வீட்டில் சாவு விழுந்த பிள்ளையும், பெற்றோர் பிரிந்துபோன பிள்ளையும் முதலில் தட்டுவது பெரும்பாலும் அவர் கதவைத்தான். தியான நாள்களும் தவக்கால நிதிசேகரிப்பும் பாதுகாவலர் திருநாள் திருப்பலியும், பட்டம்பெற ஒவ்வொரு மாணவரும் முடிக்கவேண்டிய 40 மணிநேரச் சமூகப்பணியும் சேர்ந்துதான் அந்தப் பாடசாலைக்கு ஒரு குடும்பத்தின் உணர்வைத் தருகின்றன. ஸ்காபரோவில் இந்தப் பாடசாலைகளுக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் கத்தோலிக்கர் அல்லர். ஒன்பதாம் வகுப்பிலிருந்து கத்தோலிக்கர் அல்லாதோரும் சேரலாம் என்பதால் சைவக் குடும்பத்துப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். பெற்றோர் அந்தப் பாடசாலைகளைத் தேடிப் போவதே இந்தச் சூழலுக்காகத்தான். ஆனால் சிக்கனம் என்ற சொல் வந்ததும் முதலில் ஆபத்துக்குள்ளாவதும் இவைதான். ஆன்மிக வழிகாட்டி, சமூகப் பணியாளர், சிறுவர்–இளையோர் பணியாளர், விசேட தேவையுள்ள பிள்ளையின் அருகில் அமரும் கற்றல் உதவியாளர் ஆகியோரின் வேலை, பரீட்சைப் பெறுபேறு போல எண்ணில் தெரிவதில்லை. அதனால் வெட்டுவதற்கும் அது இலகு.

எம்மை மிகவும் சினங்கொள்ள வைப்பது மாணவர் பிரதிநிதிகளுக்கு நேர்ந்தது. ஒன்ராறியோவில் ஒவ்வொரு கல்விச்சபையிலும் உயர்நிலை மாணவர்கள் தாமே தெரிவுசெய்யும் பிரதிநிதிகள் இருக்கவேண்டும் என்பது சட்டம். அவர்களது வாக்கு முடிவைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் தீர்மானம் ஒன்றைப் பரிந்துரைக்கலாம், தம் வாக்கைப் பதிவுசெய்யும்படி கேட்கலாம், பெரியவர்கள் அமர்ந்த மேசையில் சமமாக அமர்ந்து பேசலாம். மன அழுத்தம், பகிடிவதை, கழிவறைகளில் நடக்கும் புகைத்தல், ஆலோசகரைப் பார்க்கக் காத்திருக்கும் காலம் இவற்றையெல்லாம் அனுபவித்தவர் வாயால் சபை கேட்கக்கூடிய இடம் அது. பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தி மேடையேறி, தன் சக மாணவர்கள் தந்த வாக்கின் பலத்தில் பேசுவதைவிடச் சிறந்த குடிமைப் பாடம் எது? உறுப்பினர்களின் அதிகாரம் பறிக்கப்பட்டபின் அவள் எந்த மேசையில் அமர்வாள், யாரிடம் தீர்மானம் பரிந்துரைப்பாள்? சபைக் கணக்கில் ஒரு சதமும் தவறவிடாதவள் அவள். வரவுசெலவில் ஏற்பட்ட ஓட்டைக்கும் அவளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இருந்தும் மூத்தவர்களுக்கு விதித்த தண்டனையை அவளும் சேர்ந்து சுமக்கிறாள். மாணவர் நலன் பற்றி ஓயாமல் பேசுகிறவர்கள், மாணவர்கள் பேசுவதற்கென்றே சட்டம் ஒதுக்கிய இடத்தின் பெறுமதியை அழித்திருக்கிறார்கள். இதை நாம் சிறு தவறாக எடுத்துக்கொள்ளப்போவதில்லை.

உறுப்பினர்கள் யோக்கியர்களா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. செலவுக் கணக்குகளில் நடந்த முறைகேட்டை அடுத்து 2008இல் இதே சபை மேற்பார்வைக்குள் போனதை நாம் மறக்கவில்லை. வேறொரு கத்தோலிக்கச் சபையின் நான்கு உறுப்பினர்கள் 2024இல் கலைப்பொருள் வாங்க இத்தாலி போய்வந்ததையும் நாம் நியாயப்படுத்தவில்லை. தவறு செய்தவரைக் கண்டிக்கலாம், பணத்தைத் திருப்பிக் கட்டவைக்கலாம், அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். பிள்ளை குறும்பு செய்தான் என்பதற்காக வீட்டுக் கதவையே ஆணியடித்து மூடுகிறவர் எவரும் இல்லை. மாணவர்–குடும்ப உதவி அலுவலகங்கள் திறக்கப்படுகின்றனவே, பெற்றோர் அங்கே முறையிடலாமே என்பது இன்னொரு வாதம். முறைப்பாட்டுக்குப் பதில் அனுப்புவது ஒரு காரியம். அந்த முறைப்பாட்டை எழுப்பிய கொள்கையை மாற்றுவது வேறு காரியம். அலுவலகத்தில் இருப்பவர் மேலிடத்துக்குப் பதில் சொல்லவேண்டியவர். எம் தொகுதி உறுப்பினர் எமக்குப் பதில் சொல்லவேண்டியவர். அவரைத் தொலைபேசியில் அழைக்க முடிந்தது, சபைக் கூட்டத்துக்குப் போய்ப் பகிரங்கமாகக் கேட்க முடிந்தது, பத்திரிகையாளர் முன்னிலையில் அவர் பதில் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. கத்தோலிக்கர் அல்லாத பெற்றோருக்குக் கத்தோலிக்கச் சபைத் தேர்தலில் வாக்கில்லை. கூட்டத்தில் எழுந்து பேசும் உரிமைதான் அவர்களுக்கு இருந்த பெரும் பலம். அதுவும் போனது.

இதே மாகாண அரசின் கைகள் பாடசாலைகளில் முன்பு என்ன செய்தன என்பதையும் சொல்லவேண்டும். 2019 மார்ச்சில் உயர்நிலை வகுப்புகளின் சராசரி மாணவர் எண்ணிக்கையை 22இலிருந்து 28 ஆக்கப்போவதாகவும், நான்கு பாடங்களை இணையவழியில் கட்டாயமாக்கப்போவதாகவும் அறிவித்தார்கள். 2020 பெப்ரவரி 21இல் கத்தோலிக்க ஆசிரியர் உட்பட நான்கு ஆசிரியர் சங்கங்களும் ஒரேநாளில் தெருவில் இறங்கின. அதன் பின்னரே சராசரி 23க்கு இறங்கியது. இணையவழிக் கட்டாயமும் தளர்ந்தது. பெருந்தொற்று வந்தது. 2021 மே நடுப்பகுதிக்குள் 20 வாரம் மூடிக்கிடந்த ஒன்ராறியோ பாடசாலைகள், கனடாவில் வேறெங்கும் இல்லாத அளவு பிள்ளைகளை அறைக்குள் அடைத்துவைத்தன. அந்தத் தனிமையின் காயம் இன்றைய பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவரிடம் ஆறாமல் இருக்கிறது. 2022இல் 55,000 பாடசாலைப் பணியாளரின் வேலைநிறுத்த உரிமையை, அரசியலமைப்பின் விதிவிலக்குப் பிரிவைக் கொண்டு நசுக்கப் பார்த்தார்கள். நாடே கொதித்ததும் சில நாள்களில் பின்வாங்கினார்கள். பிள்ளைகளோடு நாள் முழுதும் இருக்கும் கற்றல் உதவியாளர்கள் அந்தப் பணியாளர்களுக்குள் அடக்கம். வகுப்பு அளவிலும் வேலைநிறுத்த உரிமையிலும் முதலில் முடிவெடுத்து, எதிர்ப்பு வந்தபின் திருத்தினார்கள். இப்போது எதிர்ப்பு எழக்கூடிய மன்றத்தையே அகற்றியிருக்கிறார்கள்.

2025 ஜூன் மேற்பார்வை நடவடிக்கைக்குப் பிறகு நிறைவேறிய சட்டம், சபைகளைக் கைப்பற்றுவதைக் கல்வி அமைச்சுக்கு இன்னும் இலகுவாக்கியதோடு, பொலிஸ் அதிகாரிகளைப் பாடசாலைக்குள் கொண்டுவரும் திட்டத்தில் ஒத்துழைக்கவும் சபைகளைக் கட்டாயப்படுத்துகிறது. ரொறன்ரோ பொதுச் சபை, மாணவர்களைக் கேட்டறிந்தபின் 2017இல் கைவிட்ட திட்டம் அது. மனம் உடைந்த பிள்ளைக்கு வேண்டியது சமூகப் பணியாளர். சீருடையணிந்த பொலிஸ்காரரை அனுப்பிவிட்டு நலன் காத்தோம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

கத்தோலிக்கப் பாடசாலைகளின் உரிமை 1867ஆம் ஆண்டு அரசியலமைப்பில் எழுதப்பட்டது. உயர்நிலைவரை முழு நிதி என்பது போராட்டத்தின்பின் 1984இல் அறிவிக்கப்பட்டது. அவற்றை நிருவகிப்பதில் அந்தச் சமூகத்துக்குப் பங்கு இருந்தாகவேண்டும். 2026 அக்டோபரில் நகராட்சித் தேர்தலோடு கல்விச்சபைத் தேர்தலும் வருகிறது. தெரிவாகிறவர்களுக்கு உண்மையான அதிகாரம் திரும்பவேண்டும். அதற்கு முன்பே மாணவர் பிரதிநிதிகள் பகிரங்கக் கூட்டத்தில் பேசவும், அவர்கள் கேட்டதற்கு எழுத்தில் பதில் பெறவும் வழிசெய்யவேண்டும். எந்த வழி என்பதை அமைச்சு பெற்றோரோடும் பங்குத்தளங்களோடும் இருந்து பேசட்டும். மேற்பார்வை எந்தத் திகதியில் முடியும் என்பதை மட்டும் இப்போதே அறிவிக்கட்டும்.