கைகள் மறுத்த வாக்கு

தோழனே!

நள்ளிரவு நெருங்குகிறது. நீரின்மேலே இரண்டு கப்பல்கள், இயந்திரம் நின்று, இருளிலே மிதக்கின்றன. ஒன்றிலே ஊரைவிட்டு ஓடும் குடிமக்கள். மற்றொன்றிலே விலங்கு பூட்டிய கைதிகள். இரண்டிலும் வெடிமருந்து! இதைத் தகர்க்கும் விசை அதிலே. அதைத் தகர்க்கும் விசை இதிலே! நள்ளிரவுக்குள் எவரும் அழுத்தாவிடின் இரண்டையுமே சிதறடிப்பேன் என்கிறான் ஜோக்கர் எனும் கோரக் கோமாளி.

2008ஆம் ஆண்டு ஜூலைத் திங்களிலே வெளியான 'தி டார்க் நைட்' படத்தின் காட்சி அது. 2005இல் வந்த 'பேட்மேன் பிகின்ஸ்' படத்தின் தொடர்ச்சி. இரண்டையும் இயக்கியவர் கிறிஸ்டோபர் நோலன்.

"வௌவால் வேடம் பூண்டவன் கதைக்கு ஞாயிறு கட்டுரையா?" என்று நீ கேட்பது காதிலே விழுகிறது. கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான். படக்கதைகளை மட்டும் விடவில்லை. அந்த உரிமையிலே பேசுகிறேன், கேள்!

படக்கதைப் பிரியர்களிடையே வழக்குகள் பல உண்டு. ஏட்டிலே ஜோக்கர் இரசாயனக் குழம்பிலே விழுந்து முகம் வெளுத்தவன். திரையிலே அவன் வெள்ளை வெறும் பூச்சு. ஏட்டிலே, அரசு வழக்கறிஞர் ஹார்வி டென்ட்டின் பாதி முகத்தைத் தின்றது அமிலம், திரையிலே தீ. போகட்டும்! அதற்காக நான் கொடி பிடிக்கவில்லை. நாடகம் எழுதுபவன் என்ற முறையிலே ஒன்றை மட்டும் வியக்கிறேன். தன் வாய்த் தழும்புக்குக் காரணம் கேட்காமலே சொல்கிறான் ஜோக்கர்; ஒருவரிடம் ஒரு கதை, மற்றவரிடம் வேறொரு கதை! எது மெய்யென்று இறுதிவரை சொல்லப்படவே இல்லை. காரணம் தெரிந்த கொடுமைக்கு மருந்து தேடலாம். இவனுக்கோ காரணமே இல்லை. அந்த வேடம் தாங்கிய ஹீத் லெட்ஜர், படம் வெளிவருமுன்பே, 2008 ஜனவரியிலே, 28 வயதிலே மறைந்தார். 2009இல் ஆஸ்கார் விருது அவர் குடும்பத்தார் கரங்களிலே தரப்பட்டது.

கப்பலுக்கு வா. குடிமக்கள் வாக்கெடுக்கிறார்கள்! துண்டுத் தாளிலே எழுதி, திரட்டி, எண்ணிச் சொல்கிறார்கள். கைதிகளின் கப்பலைத் தகர்க்கலாம் என்போர் 396. வேண்டாம் என்போர் 140. தேர்தல் களம் கண்ட தோழனே, இந்தப் பெரும்பான்மை போதாதா? போதும், போதும்! ஆயினும் விசையைத் தொடக் கைதான் எழவில்லை. மறைவிலே தாளில் எழுதத் துணிந்த விரல், எதிரே உயிர்கள் என்றதும் நடுங்குகிறது. அந்தப் பக்கத்திலே, பார்த்தாலே பயம் தரும் கைதியொருவன் காவலரிடமிருந்து விசையை வாங்குகிறான். பலகணி வழியே நீரிலே எறிகிறான்! மக்கள் அனைவரும் தன்னைப்போல் மிருகங்கள் என்று பந்தயம் கட்டிய கோமாளி தோற்றான்.

படம் இத்துடன் நின்றிருந்தால் நான் தலைமீது வைத்துக் கொண்டாடியிருப்பேன். நிற்கவில்லையே!

காதலியை இழந்து வெறிகொண்ட டென்ட், பழிவாங்கப் புறப்பட்டுக் கொலைகாரனாகி மாய்கிறான். உண்மை வெளிப்பட்டால் அவன் தொடுத்த வழக்குகள் சரியும், குற்றவாளிகள் வெளியே வருவர், மக்கள் நம்பிக்கை குலையும். ஆகவே பழியைத் தானே சுமக்கிறான் பேட்மேன். டென்ட்டை உத்தமன் என்று ஊருக்கு அறிவிக்கிறார் காவல்துறை ஆணையர் கார்டன். தியாகம்தான், மறுக்கவில்லை. ஆனால் யார் கேட்டார்கள் இந்தத் தியாகத்தை? நகர் முழுவதன் தொலைபேசிகளையும் ஒற்றுக்கேட்கும் பொறியை அமைத்தவன்தானே இவன்! அதை ஏற்காமல் பதவி துறப்பேன் என்றவர் லூசியஸ் ஃபாக்ஸ் ஒருவரே. மக்களைக் காக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, மக்களைக் கேளாமலே அனைத்தையும் முடிவு செய்கிறவனுக்கு, அவர்களிடம் பொய் சொல்வதும் எளிதாகிவிடுகிறது.

இந்தப் பொய்க்கு விலை என்ன? 2012இல் வந்த மூன்றாம் படமே கணக்குக் காட்டுகிறது. டென்ட்டின் பெயரால் ஒரு சட்டம். அதன்படி நூற்றுக்கணக்கானோர் சிறையிலே. எட்டாண்டுகளுக்குப் பின், கார்டன் எழுதி ஒளித்த வாக்குமூலம் கொடியவன் பேனின் கையிலே சிக்குகிறது. சிறை வாயிலிலே நின்று அதை ஊரறியப் படிக்கிறான் அவன். சொல்லவேண்டியவர் சொல்லாத உண்மை, பகைவன் வாயிலே ஆயுதமாயிற்று!

இந்தக் கதையின் பிறப்பிலேயே ஒரு மறைப்பு உண்டு, தோழனே. 1939இல் பேட்மேனைப் படைத்தவர் இருவர்: பாப் கேன், பில் ஃபிங்கர். ஏட்டிலே ஏறியது கேன் பெயர் மட்டும். ஃபிங்கர் 1974இலேயே மறைந்தார். அவர் பெயரும் பொறிக்கப்படும் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டதோ 2015இல்! நான் இவ்வளவு நேரம் பேசிய 2008ஆம் ஆண்டுப் படத்திலும் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது.

மறுமுறை அந்தப் படத்தைப் பார்க்க நேர்ந்தால், பேட்மேனைப் பார்க்காதே. கப்பலிலே, "நானே செய்கிறேன்" என்று எழுந்து வந்தாரே ஒருவர், அவரைப் பார். பெட்டியைத் திறக்கிறார், விசையைக் கையிலே எடுக்கிறார், அந்தக் கையையே பார்க்கிறார். மெல்ல அதைப் பெட்டியிலே திரும்ப வைக்கிறார். எவர் முகத்தையும் பாராமல் தன் இருக்கையிலே போய் அமர்கிறார். இவரிடமிருந்துதான் அன்றிரவே உண்மையை மறைத்தார்களாம், தாங்கமாட்டார் என்று!