தனித்தன்மை வேறு, இல்லாமை வேறு

ஒவ்வோர் ஊருக்கும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒரு விசித்திரம் உண்டு. தம் ஊர் இரவிலும் உறங்காது என்பார் மதுரைக்காரர். ஏவும்போதும் ‘ங்க’ சேர்த்தே ஏவும் தம் மரியாதையைக் கோவைக்காரர் எடுத்துரைப்பார். அயலாரைப் புன்னகைக்க வைக்கும் வழக்கமே உள்ளூராருக்கு அடையாளமாகிவிடுகிறது. அந்தமானில் உள்ள லாங் ஐலண்டும் அத்தகைய பெருமைக்கு உரியது. ஆனால், அப்பெருமையைப் போற்றும் முறையில் பயணிகளாகச் செல்லும் நாம் ஒரு பிழை செய்கிறோம் என்பது என் கருத்து.

மத்திய அந்தமானின் தென்கிழக்குக் கரையை ஒட்டியுள்ள சிறு தீவு அது. ரங்கத் நகரை அடுத்த எராட்டா படகுத்துறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல்வழி. நகரங்களில் நாம் காணும் வாகன நெரிசலுக்கு அங்கே இடமில்லை. ஊருக்குள் நடைதான் முதன்மையான போக்குவரத்து. லாலாஜி விரிகுடாவின் வெண்மணற்கரையைக் காண விரும்புவோர் காட்டுவழியே நடக்க வேண்டும். இல்லையேல் படகேற வேண்டும்.

அந்தமான் தீவுகளின் பேச்சு வழக்கும் விந்தையானதே. 1858-இல் பிரிட்டிஷார் தண்டனைக் குடியேற்றத்தைத் தொடங்கியபோது, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட கைதிகளிடையே இந்துஸ்தானி பொதுமொழியாக வேரூன்றியது. பின்னர் ராஞ்சிப் பகுதியிலிருந்து காட்டுவேலைக்கு வந்தோரும், பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளும், தமிழரும், தெலுங்கரும், மலையாளிகளும் அம்மொழிக்குத் தத்தம் சாயலைச் சேர்த்தனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அந்தமான் நிகோபார் மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேரின் தாய்மொழி தமிழ். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் அந்தமான் இந்தியும் பேசுவது இவர்களுக்கு இயல்பு. சென்னையும் கொல்கத்தாவும் இவர்கள் எல்லோர் வாயிலும் ‘மெயின்லாண்டு’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. நாம் இவர்களைத் தொலைவில் வாழ்பவர்கள் என எண்ணுகிறோம்; இவர்களோ நம்மைக் கடலுக்கு அப்பால் இருப்பவர்களாகக் காண்கிறார்கள்.

இவற்றைக் கண்டு திரும்புவோர், “இந்தத் தீவு என்றும் இப்படியே இருக்க வேண்டும்” என்று நெகிழ்வுடன் கூறுவதுண்டு. நல்லெண்ணத்தில் பிறந்த இச்சொல்லில் ஒரு சிறு கொடுமையும் ஒளிந்துள்ளது. வாகனம் இல்லாத அமைதி, மூன்று நாள் தங்கும் விருந்தினருக்கு இன்பம். கடல் கொந்தளிக்கும் இரவில் பேறுகால வலி கண்ட பெண்ணுக்கு அதே அமைதி அச்சம். நமக்கு அழகாகத் தோன்றுவதில் எது அவர்கள் விரும்பிக் காக்கும் வழக்கம், எது அவர்களுக்குக் கிட்டாத வசதி என்று பிரித்தறிய வேண்டும். முன்னது தனித்தன்மை, பின்னது இல்லாமை. இல்லாமையைத் தனித்தன்மை என்று புகழ்வது முறையன்று.

பிழைப்பு இல்லாத இடத்தில் பெருமையும் நெடுநாள் நில்லாது. மரத்தொழிலை நம்பியிருந்த குடும்பங்கள் அந்தமானில் பல. 2002 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் இத்தீவுகளின் காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தது. காடு காக்கப்பட்டது, அது வேண்டியதே. ஆனால், மரத்தை நம்பியிருந்தவர்கள் மீன்பிடித்தலையும், தென்னை, பாக்கு வேளாண்மையையும், சுற்றுலாவையும் நாட வேண்டியதாயிற்று. இளைஞர் பிழைப்புத் தேடிக் கப்பலேறிவிட்டால், ஊர் வழக்கங்களைத் தொடர எவர் இருப்பார்?

சுற்றுலா மட்டுமே விடையாகிவிடாது. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், ‘ஆஸ்டினை விசித்திரமாகவே வைத்திருங்கள்’ என்னும் முழக்கம் 2000-ஆம் ஆண்டில் பிறந்தது. உள்ளூர்ச் சிறு கடைகளைக் காக்க வணிகர்கள் அதனைக் கைக்கொண்டனர். சட்டைகளிலும் வண்டிகளிலும் அவ்வாசகம் பரவியது. நகரமும் செழித்தது, வாடகையும் உயர்ந்தது. அந்த விசித்திரத்தை உருவாக்கிய இசைக்கலைஞர் பலர் அங்கே குடியிருக்க இயலாமல் புறநகர்களுக்கு நகர்ந்தனர். முழக்கம் எஞ்சியது, அதற்குப் பொருள் தந்தவர்கள் விலகிப்போயினர்.

லாங் ஐலண்டு இவ்விரு முனைகளுக்கும் நடுவே நிற்கிறது. 2020 ஆகஸ்ட் 10 அன்று, சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடியிழை வடம் தொடங்கிவைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வடம், போர்ட் பிளேருடன் மேலும் 7 இடங்களைத் தொடுகிறது. அவற்றுள் லாங் ஐலண்டும் ஒன்று. வாகன இரைச்சல் எட்டாத தீவை ஒளியிழை எட்டிவிட்டது! தனித்தன்மையோடு வாழ உலகிலிருந்து துண்டிக்கப்பட்டே இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? தீவில் இருந்தபடியே மாணவர் பாடம் கற்கலாம். நோயாளி மருத்துவரின் ஆலோசனை பெறலாம். விருந்தினர் இல்லம் நடத்துபவர் முன்பணத்தைத் தம் கணக்கிலேயே பெறலாம்.

ஆனால், வடம் இருவழிப் பாதை. பணத்தைத் தீவுக்குக் கொண்டுவருவதும் அதுவே. தொலைவிலுள்ள இடைத்தரகரிடம் கொண்டுசேர்ப்பதும் அதுவே. எது நிகழும் என்பதில் வாடிக்கையாளரான நமக்கும் பங்குண்டு. அங்குச் செல்லும்போது உள்ளூரார் நடத்தும் விடுதியில் தங்குவோம். உள்ளூர்ப் படகோட்டியை அமர்த்துவோம். அங்கு விளைந்ததையும் பிடித்ததையும் உண்போம். தொகையை அவர்களிடமே நேரடியாகச் செலுத்துவோம். அங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவர் இரண்டு அறைகள் கட்டக் கடன் கேட்டு வரும்போது, வங்கிகளும் அவரது தொழிலை ஊர்ப் பண்பாட்டைத் தாங்கும் முதலீடாகக் கருதலாம்.

எதைக் காப்பது, எதை மாற்றுவது என்ற முடிவை அத்தீவின் மக்களே எடுக்கட்டும். நல்ல மருத்துவமும் தவறாத படகும் கைவசம் இருந்த பிறகும், “எங்கள் ஊருக்குக் கார் வேண்டாம், நாங்கள் நடந்தே செல்கிறோம்” என்று அவர்கள் கூறுவார்களாயின், அதுவே உண்மையான ஊர்ப்பெருமை. அன்று அவர்களோடு சேர்ந்து நாமும் மகிழ்ச்சியாக நடப்போம்.