கிலோவுக்குப் போன டைனமோக்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கார் வைத்திருப்பவர்களும் கராஜ் நடத்துபவர்களும் வாசியுங்கள். மௌத்தான வாப்பாவின் சாமான்களை என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் கட்டாயம் வாசியுங்கள்.

ஊரில் பழைய மெக்கானிக் ஒருவர் மௌத்தானால் இப்போது நடப்பது இதுதான். வீட்டில் இத்தா முடியும் முன்பே ஒருவர் லொறியோடு வருவார். "பழைய இரும்புதானே தாத்தா, சும்மா இடத்தை அடைச்சிட்டுக் கிடக்குது" என்பார். தராசு வைத்து, கிலோவுக்கு விலை பேசி, பின்னேரத்துக்குள் கராஜ் காலியாகிவிடும்.

போன மாதமும் ஒரு வீட்டில் நடந்தது. வீட்டையும் சொல்லவில்லை, வாங்கியவரையும் சொல்லவில்லை. பெட்டிகளுக்குள் லூக்காஸ் டைனமோ மூன்று, பாவிக்காத கட்அவுட் இரண்டு, டிஸ்ட்ரிபியூட்டர்கள், துணி சுற்றிய வயர் கட்டு ஒன்று இருந்தன. அடுத்த கிழமையே அதே சாமான்கள் ஒவ்வொன்றும் தனித்தனிப் படத்தோடு, "ஒரிஜினல், மேட் இன் இங்லண்ட்" என்று விற்பனைக்கு வந்துவிட்டன. படத்தில் எண்களைக் காட்டியிருந்த விதத்திலேயே தெரிந்தது, வாங்கியவருக்கு அது இரும்பு இல்லை என்று நன்றாகத் தெரியும்.

"அவங்க சம்மதிச்சுத்தானே வித்தாங்க" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். நான் மௌலவி இல்லை, பத்வா கொடுக்க வரவில்லை. ஆனால் அந்தப் பெட்டிகள் அந்தத் தாத்தாவுக்கு மட்டும் சொந்தமில்லையே. வாரிசுச் சொத்து அது. அதில் இன்னும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு யதீம் பிள்ளைகளின் பங்கு இருக்கிறது. யதீமின் காசு விஷயத்தில் நம் மார்க்கம் எவ்வளவு கடுமையாகப் பேசுகிறது என்பது குத்பாவுக்குப் போகும் எல்லோருக்கும் தெரியும்.

வாங்குபவரைத் திட்டிக்கொண்டிருந்து பிரயோசனமில்லை. விற்பவருக்கு வாசிக்கத் தெரிய வேண்டும். அது அப்படியொன்றும் கஷ்டமில்லை.

இலங்கையில் ஓடும் பழைய இங்கிலாந்துக் கார்களில், மொறிஸ் மைனரோ ஒஸ்டினோ, மின்சார சாமான்கள் பெரும்பாலும் பர்மிங்ஹாமின் லூக்காஸ் கம்பனி செய்தவை. லூக்காஸ் தன் சாமான்களின் உடம்பிலேயே மூன்று விஷயங்களைத் தட்டி வைத்திருக்கும். முதலாவது மாதிரியின் பெயர்: டைனமோவில் சி39, சி40 என்றும், டிஸ்ட்ரிபியூட்டரில் டிஎம்2, 25டி4 என்றும், கட்அவுட்டில் ஆர்பி106 என்றும் இருக்கும். இரண்டாவது ஐந்து இலக்க எண். டைனமோ என்றால் அது 22 இல் தொடங்கும், ஸ்டார்ட்டர் 25 இல், கட்அவுட் 37 இல், டிஸ்ட்ரிபியூட்டர் 40 அல்லது 41 இல். மூன்றாவது திகதி. எல்லோரும் தவறவிடுவது இதைத்தான், ஏனென்றால் அது வெறும் இரண்டு சின்ன எண்கள். "4 55" என்றால் 1955 ஏப்ரல். பிற்பாடு மாதத்தை விட்டு, வருடத்தின் எத்தனையாவது கிழமை என்று அடிக்கத் தொடங்கினார்கள். "37 66" என்றால் 1966 இன் 37 ஆவது கிழமை, அதாவது செப்டம்பர் நடுப்பகுதி.

இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பலகையில் எழுதிக் காட்டினேன். "37 ஆவது மாசம் இல்லையே சேர், அப்ப கிழமையாத்தான் இருக்கணும்" என்று பின்வாங்கில் இருந்த ஒருவன் சொன்னான். கணக்குப் பாடத்தில் வாயே திறக்காத பிள்ளை அவன்.

திகதி கிடைத்ததும் காரோடு ஒப்பிட வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பதிவுப் புத்தகத்தில் இருப்பது கார் இங்கே பதிவான காலம். அது இங்கிலாந்தில் செய்து முடித்து, கப்பலேறி வந்து சேர்ந்த பிறகு உள்ள திகதி. ஆகவே சேஸி எண்ணைக் கொண்டு கார் செய்யப்பட்ட காலத்தைக் கண்டுபிடித்து அதோடுதான் ஒப்பிட வேண்டும். டைனமோவின் திகதி அதற்குச் சில கிழமைகளோ மாதங்களோ முந்தியிருந்தால் அது காரோடு வந்ததாக இருக்கலாம். பிந்தியிருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது போலி என்று அர்த்தமில்லை, அதுவும் லூக்காஸாகவே இருக்கலாம். ஆனால் "காரோடு வந்தது" என்று சொல்லி விற்கக் கூடாது.

பெயரையும் கவனியுங்கள். லூக்காஸ்-டிவிஎஸ் என்று இருந்தால் அது இந்தியச் சாமான். அந்தக் கம்பனி சென்னையில் தொடங்கியதே 1961 இல். அம்பாசடருக்குச் செய்தவற்றில் பல நம் மொறிஸ்களுக்கும் பொருந்தும், தரமும் மோசமில்லை. ஆனால் 56 மைனருக்கு அது ஒரிஜினல் ஆகாது. கட்அவுட்டின் மூடியையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். ஆர்பி106 இல் இரண்டு சுருள் இருக்க வேண்டும். இப்போது வரும் சிலவற்றில் வெளியே பழைய உருவம், உள்ளே சின்ன எலக்ட்ரோனிக் தட்டு. தினமும் ஓடும் காருக்கு நானே அதைத்தான் சிபாரிசு செய்வேன். புதுசு என்று சொல்லி விற்றால் ஒரு பிரச்சினையும் இல்லை.

பிரச்சினை, புதிதாக எண் தட்டுவதில் இருக்கிறது. பழைய டைனமோவைச் சுரண்டி, கார்க்காரர் கேட்கும் வருடத்தை அடித்து, மேலே கறுப்புப் பெயின்ட் பூசிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எழுத்தைச் சுற்றி மட்டும் உலோகம் தேய்ந்திருந்தால், மாதிரியும் திகதியும் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால், காசை வெளியே எடுக்காதீர்கள். மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கையை விட்டு அடியில் ஈரம் கண்ட சம்பவம் நாம் எல்லோரும் மத்ரஸாவில் படித்ததுதான். ஈரத்தை மறைத்தவருக்கும் வருடத்தை மாற்றியவருக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஐவேளை தொழும் ஆட்களும் இதைச் செய்கிறார்கள் என்பதால்தான் சொல்கிறேன்.

பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் சுற்றினால் தெரியும், இந்தச் சாமான்களைத் தேடி எவ்வளவு பேர் அலைகிறார்கள் என்று. மைனருக்கு இந்த நாட்டில் தகடு செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய காலமும் இருந்தது. நம் ஊர் மெக்கானிக்மார் அந்தக் கார்களை ஐம்பது வருடம் ஓட வைத்தவர்கள். அவர்கள் விட்டுப்போன பெட்டிகள் தராசில் ஏறுவதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

வீட்டில் அப்படிப் பெட்டி இருந்தால் ஒன்றையும் சுரண்டாதீர்கள், மண்ணெண்ணெயில் ஊற வைக்காதீர்கள். துணியால் துடைத்து, எண் தெரியும்படி வெளிச்சத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் நானும் நாலைந்து பெரிய வகுப்புப் பிள்ளைகளும் வந்து பட்டியல் போட்டுத் தருவோம், இன்ஷா அல்லாஹ். காசு எதுவும் வேண்டாம். பிள்ளைகளுக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்தால் போதும்.